அக்காவின் பிளாப்பி

அந்த ஆஸ்பத்திரியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. துடைப்பம் என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் துடைப்பண்ணே என்பார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை, உள்ளுக்குள் பெருமைதான். தரை துடைக்கிற அம்மாள்கள்தான் சண்டைக்கு வருவார்கள், இடுப்பொடியத் துடைக்கிறது நாங்க, பட்டம் மட்டும் உனக்கா என்று.

அவன் துடைத்தது கம்ப்யூட்டர்களின் உள்பக்கத்தை. புது சாஃப்ட்வேர் போடுவதற்கு ஊரில் ஆயிரம் பேர் உண்டு, பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். பழசை எடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. காலி பண்ணச் சொன்ன குடித்தனக்காரன் மாதிரி அது ஆயிரம் நொண்டிச் சாக்கு சொல்லும். அதிலும் பெரிய சாக்கு ஒன்று உண்டு. என்னைப் போட்ட சி.டி.யைக் கொண்டுவந்து செருகு, அப்புறம் போகிறேன் என்று திரையில் ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். சி.டி.க்கு எங்கே போவது? பழைய கட்டடத்திலிருந்து இங்கே மாறியபோது சி.டி. இருந்த மூன்று அலமாரிகளும் அப்படியே எடைக்குப் போய்விட்டன. அந்த சாஃப்ட்வேர்களைச் செய்த கம்பெனிகளிலும் பாதி இன்று இல்லை.

"இதுக்கும் அம்மா வேணுமாம்" என்று சிரித்துக்கொண்டு துடைப்பம் வேலையை ஆரம்பிப்பான். பின்னால் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவான். அது குடியிருக்கிற ஃபோல்டரைத் தூக்கித் தனியே வைப்பான். எந்த சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்கிற ரெஜிஸ்ட்ரிக்குள் போய், அதன் பெயர் வருகிற ஒவ்வொரு வரியையும் முள் எடுப்பதுபோலப் பிடுங்குவான். கடைசியில் டிஸ்க்கில் காலியான இடத்தையெல்லாம் பூஜ்யம் போட்டு நிரப்புவான். அப்படி ஒன்று அங்கே இருந்ததா என்று அதைச் செய்தவனே வந்து தேடினாலும் கிடைக்காது. மிச்சம் மீதி இருக்கக் கூடாது என்பது அவன் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

இப்படி இருபது வருஷத்தில் முந்நூறு நானூறு எடுத்திருப்பான், ஒன்றும் கெட்டதில்லை. காரணம், அவன் இரண்டு விஷயத்தை விடாமல் கடைப்பிடித்தான். அந்த நாற்காலியில் உட்காருகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கை வைப்பான். இதில் எதையாவது பயன்படுத்துறீங்களா, இது சம்பந்தமா ஏதாவது வச்சிருக்கீங்களா என்று நச்சரித்துக் கேட்பான். அப்புறம், எடுத்த ஃபோல்டரை உடனே அழிக்க மாட்டான். 'பழசு' என்று பெயர் போட்டு வேறொரு டிஸ்க்கில் பதினைந்து நாள் வைத்திருப்பான். யாரும் கத்தவில்லை என்றால்தான் அழிப்பான். ஊராருக்கெல்லாம் இந்த மரியாதையைச் செய்தவன், கூடப்பிறந்தவளுக்குச் செய்யவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் கொஞ்சம் குறையும்.

அவனுடைய அக்காவுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து கண் போயிற்று. அதே வருஷம்தான் அவன் பிறந்தான். அவன் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது, ஆனால் அவனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்தாள், அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. அக்காவுக்கு ஆஸ்பத்திரியின் டெலிபோன் மேஜையில் வேலை கிடைத்தது. நாலு வருஷம் கழித்து, தம்பி கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, அவள் தடியைத் தட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி அப்போதைய நிர்வாகியின் அறை வாசலில் போய் நின்றாள். அவர் உட்காரச் சொன்னார். உட்கார மாட்டேன், தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள் என்றாள். அன்று சாயங்காலமே அவன் வேலையில் சேர்ந்தான்.

அவள் மேஜை தரைத்தளத்தில், லிஃப்ட்டுக்கு எதிரே, ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. எந்த டாக்டர் எப்போது வருவார், யாருக்கு எத்தனை மணிக்கு நேரம், ஆபரேஷன் தேதி மாறியிருக்கிறதா என்று நாள் முழுக்க ஜனங்கள் போன் செய்து கேட்பார்கள். அதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாக இருக்கும். அதை அவளுக்குப் படித்துக் காட்டுவதற்கென்று பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டார்கள். திரையில் இருக்கிற எழுத்தைக் குரலாகச் சொல்லும். போட வந்த மனிதர் மூன்று வாரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தப் பட்டியலின் ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் குரலுக்கு அக்கா வைத்த பெயர் கொழுந்தன். கல்யாணமே ஆகாதவளுக்குக் கொழுந்தன் எங்கிருந்து வந்தான் என்று நர்ஸ்கள் வம்புக்கு இழுப்பார்கள். "புருஷன் வர்ற வழியில எங்கேயோ நின்னுட்டான். தம்பிக்காரன் முந்திக்கிட்டு வந்து உக்காந்துட்டான்" என்பாள். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு வறட்டு ஆண் குரல். அதையும் அவள் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, தரையில் புளியங்கொட்டையைக் கொட்டுகிற சத்தமாக ஆக்கி வைத்திருந்தாள். வேறு யார் ஹெட்போனை மாட்டினாலும் ஒரு எழுத்து புரியாது. அவளுக்கு அத்தனையும் புரியும். ஒரு காதில் போன், ஒரு காதில் கொழுந்தன். கேட்கிறவர் கேள்வியை முடிப்பதற்குள் இவள் பதிலை ஆரம்பித்திருப்பாள்.

அந்த நாற்காலி அவளுக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் தம்பி பெண்டாட்டி நல்லவள், அண்ணி அண்ணி என்று தாங்குவாள். ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அக்காதான் கேட்கிறவள். செருப்பு எங்கே, இது எந்த பஸ், மழை வருமா? கேட்டுக் கேட்டுத்தான் ஐம்பத்திரண்டு வயது வரை வந்திருந்தாள். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர் கேட்கும், அவள் சொல்லுவாள். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அந்த ஆறு வருஷத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அந்த வருஷம் புதிதாக வந்த நிர்வாகி அம்மாள் ஓர் உத்தரவு போட்டாள். பழைய சாஃப்ட்வேர்கள் வழியாக எவனோ ஒருத்தன் உள்ளே புகுந்து வேறொரு ஆஸ்பத்திரியை நாலு நாள் முடக்கிவிட்டானாம். அதனால் காலாவதியான எதுவும் மாதக் கடைசிக்குள் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கக் கூடாது. மொத்தம் அறுபத்தொரு கம்ப்யூட்டர். துடைப்பம் மாடி மாடியாக ஏறி இறங்கினான். மருந்துக்கடை முடிந்தது, எக்ஸ்ரே அறை முடிந்தது, சமையலறைக் கிடங்குகூட முடிந்தது. பட்டியலில் கடைசியாக அக்காவின் மேஜை மட்டும் மிச்சம்.

பணம் கட்டிப் புது சாஃப்ட்வேர் வாங்கியாயிற்று. அதுவும் திரையைப் படிக்கிறதுதான். ஆனால் பழசு இருக்கிற இடத்தில் அது ஏறாது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது, ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பேர் வாசிக்க முடியாது. துடைப்பம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"எடுக்காதேன்னு சொல்லலைடா. நான் பக்கத்துல இருக்கறப்ப எடு. பதினெட்டு வருஷமா காதுக்குள்ள இருக்கறவன், எனக்குத் தெரியாம போகக்கூடாது."

"உன்னை விட்டுட்டு எடுப்பேனாக்கா?" என்றான் அவன். மனசாரத்தான் சொன்னான்.

அந்த வாரம் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி கிளம்பிற்று. கன்னம் பந்தாக வீங்கி, கடைசியில் பிடுங்கியே ஆக வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். பல்லுப் போனா சொல்லுப் போச்சு, இனி போன்ல என்ன பேசுவீங்க என்று லிஃப்ட்காரர் கேலி செய்ததற்கு, நீங்க ரெண்டு நாளாவது நிம்மதியா இருங்க என்று வீங்கின வாயோடு பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் இல்லாத அந்த இரண்டு நாளும் அந்த மேஜையில் ஒரு பயிற்சி நர்ஸ் உட்கார்ந்தாள். அவளுக்குக் கண் தெரியும், கொழுந்தன் தேவையில்லை. மாதக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது. அக்கா திரும்பி வருவதற்குள் பழசை எடுத்து, புதுசைப் போட்டு, தேன் மாதிரி பேசுகிற அந்தப் பெண் குரலை அவள் காதில் மாட்டிவிட்டு, எப்படிக்கா இருக்கு என்று கேட்க வேண்டும். இதுதான் துடைப்பத்துக்கு வந்த யோசனை. ஆசைதான், வேறொன்றும் இல்லை. அந்த வறட்டுத் தகரக் குரலை அக்கா சகித்துக்கொண்டிருக்கிறாள் என்றே அவன் பதினெட்டு வருஷமாக நினைத்திருந்தான். சகித்துக்கொண்டா இருந்தாள்? அட மடையா!

பயிற்சி நர்ஸைப் பக்கத்து மேஜைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தான். 'எடு' என்று அமுக்கினான். எதிர்பார்த்த மாதிரியே பெட்டி வந்தது. முதல் வரியில், பிளாப்பியைச் செருகவும் என்று இருந்தது. "இதுக்கும் அம்மா வேணுமாம்" என்று சிரித்தான். அந்தக் கம்ப்யூட்டரின் பிளாப்பி வாயில் தூசி அடைகிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே கழற்றி, தகடு போட்டு மூடியவன் அவனேதான். பெட்டியில் இரண்டாவது வரி ஒன்றும் இருந்தது. அதை அவன் படிக்கவில்லை. முந்நூறு பெட்டிகளில் முதல் வரியைப் படித்தவன் இரண்டாவது வரியை எதற்குப் படிக்கப் போகிறான்?

பெட்டியை மூடினான். வழக்கம்போல ஃபோல்டரைத் தூக்கி 'பழசு' என்று வேறு டிஸ்க்கில் வைத்தான். ரெஜிஸ்ட்ரியில் இருந்த வரிகளையும் நகல் எடுத்துக்கொண்டு பிடுங்கினான். ஏதோ இரண்டு வரி அடையாளம் தெரியாத எழுத்தில் இருந்தன, அவற்றையும் விடவில்லை. பிறகு காலி இடத்தையெல்லாம் பூஜ்யம் போட்டு நிரப்பினான். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. புதுசு சொன்ன பேச்சு கேட்டு ஏறி உட்கார்ந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான். அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா என்று அவள் கேட்டாள். நாளைக்குக் காலையில் அவளே பார்க்கட்டும் என்றான். உள் அறையில் அக்கா கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

காலையில் அவள் வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், ஹெட்போனை மாட்டினாள், விரல் வைக்கிற இடத்தில் விரலை வைத்தாள். துடைப்பம் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அவன் எங்கடா?"

புது ஆள்க்கா, பேசவிட்டுப் பாரு என்றான். அவள் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்தாள். பட்டியலில் கீழே போனாள், மேலே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பட்டியல் அரதப் பழசு, எழுத்தைப் படம் மாதிரி வரைந்து காட்டுகிற வகை. கொழுந்தனுக்கு அதைப் படிக்க மூன்று வாரம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புதியவளுக்கு அது எழுத்து என்றே தெரியவில்லை. எந்தக் கட்டத்துக்குப் போனாலும் காலி, காலி, காலி என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசறா. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா" என்று அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

துடைப்பம் பதறவில்லை. அதற்குத்தானே 'பழசு' இருக்கிறது? புதியவளை இறக்கினான், எடுத்து வைத்த ஃபோல்டரைக் கொண்டுவந்து போட்டான், வரிகளையெல்லாம் திரும்ப எழுதினான். மத்தியானம் கொழுந்தன் அதே தகரக் குரலில் வாயைத் திறந்தான். அக்காவின் முகம் மலர்ந்தது. வந்துட்டியா எருமை என்று திரையைப் பார்த்தே திட்டினாள். அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சரியாக இருபது நிமிஷம் கழித்து, ஒரு நோயாளியின் பெயருக்கு நடுவில், கொழுந்தன் பேச்சை நிறுத்திவிட்டான்.

லைசென்ஸ் சாவி இல்லை என்று திரையில் எழுதியிருந்தது. சாவி இல்லாவிட்டால் இருபது நிமிஷம்தான் பேசும். மறுபடி பேச வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து நிற்க ஏழு நிமிஷம் ஆகும். சாவி ஃபோல்டரில் இருந்தால் அதோடு வந்திருக்கும். யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று டிஸ்க்கின் ஏதோ ஒரு மூலையில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த மூலையையும் சேர்த்துத்தான் அவன் பூஜ்யம் போட்டு நிரப்பியிருந்தான். மிச்சம் மீதி வைக்காதவன் அல்லவா?

அன்றிலிருந்து அக்கா இருபது நிமிஷம் வேலை செய்தாள், ஏழு நிமிஷம் காத்திருந்தாள். அந்த ஏழு நிமிஷத்திலும் போன் அடிக்கும். கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க என்பாள். அவளிடம் அப்படி ஒரு வார்த்தையை அந்த ஊர் கேட்டதே இல்லை. துடைப்பம் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தான். அந்த எண்ணை இப்போது ஒரு சலூன்காரர் வைத்திருந்தார். அந்தக் கம்பெனியை வாங்கிய கம்பெனிக்கு எழுதினான். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: அந்தச் சாவிகளைக் கொடுப்பதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, வருந்துகிறோம். புதியவளுக்குப் பட்டியலைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று ராப்பகலாக முட்டிப் பார்த்தான். படத்துக்கு யார் வாசிக்கச் சொல்லித்தருவது? பட்டியலையே மாற்றப் போகிறோம், அடுத்த வருஷம் என்றாள் நிர்வாகி அம்மாள். மாதக் கடைசி உத்தரவை மட்டும் அந்த மேஜைக்காக இரண்டு வாரம் தள்ளி வைத்தாள். கெட்டவள் இல்லை.

இரண்டாவது வாரத்தில் அது நடந்தது. தூரத்து ஊரிலிருந்து ஒரு தகப்பன் போன் செய்தான். நாலு வயதுப் பெண் குழந்தைக்கு ஆபரேஷன், தேதி நாளைக்குத்தானே என்று கேட்டான். கொழுந்தன் அப்போதுதான் வாயை மூடியிருந்தான். ஏழு நிமிஷம் காத்திருக்கச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. முந்தின நாள் கேட்ட பட்டியல் மனப்பாடமாக இருந்தது. நாளைக்குத்தான், காலையிலிருந்து குழந்தைக்கு ஒன்றும் கொடுக்காமல் கூட்டி வாருங்கள் என்றாள். அந்தத் தேதி அன்று காலைதான் மாறியிருந்தது. மறுநாள் அந்தக் குழந்தை பட்டினியாக நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து, லிஃப்ட்டுக்கு எதிரே தகப்பன் தோளில் சாய்ந்து அழுதது. டாக்டர் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் அந்த அழுகையை முழுக்கக் கேட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். தகப்பன் எழுதிக் கொடுத்த புகார் மூன்றாவது மாடிக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் காபியைத் தொடவில்லை. துடைப்பம் எதிரே தரையில் உட்கார்ந்து, அந்த சாஃப்ட்வேரைப் போட வந்த மனிதரின் பெயர், விலாசம் ஏதாவது ஞாபகம் இருக்கா என்று கேட்டான். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆயிற்று என்றாள்.

"அவர் குடுத்த பிளாப்பிதான் இருக்கு."

அவள் எழுந்து அலமாரிக்குப் போய், புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்தாள். உள்ளே பருத்தித் துணியில் சுற்றிய ஒரு பிளாப்பி. எந்தப் பக்கம் மேலே என்று கைக்குத் தெரிவதற்காக ஒரு மூலையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

"சாவி இதிலேருந்துதான் உள்ள போகுமாம். எடுக்கறதா இருந்தா இதைப் போட்டு, சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டுத்தான் எடுக்கணும்னு என் கையில குடுத்துச் சொன்னார். பதினெட்டு வருஷமா பத்திரமா வச்சிருக்கேன். நீ எடுக்கறப்ப கேப்பேன்னு இருந்தேன்."

இரண்டாவது வரி என்னவாக இருந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓட்டை உடைசல் போட்டு வைக்கிற அறைக்குப் போய், எட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிரித்து, வேலை செய்கிற ஒரு பிளாப்பி வாயைக் கண்டுபிடித்தான். அக்காவின் கம்ப்யூட்டரில் தான் போட்ட தகட்டைத் தானே கழற்றி அதை மாட்டினான். அக்கா பிளாஸ்திரி மூலையைத் தடவிப் பார்த்துத் தன் கையாலேயே செருகினாள். உள்ளே கர்ர் கர்ர் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு ஞாபகம் இருந்தது போல, நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. கொழுந்தன் இன்னும் வாய் திறந்திருக்கவில்லை.

"என்ன சொல்றான்?" என்றாள்.

பொய் சொல்லிவிடலாமா என்று துடைப்பத்துக்குத் தோன்றியது. பிளாப்பி பழசு, பூஞ்சை பிடித்துவிட்டது என்றால் முடிந்தது. அவளுக்குத் தெரியவா போகிறது? அந்த நினைப்பு வந்ததற்கே அவனுக்கு அழுகை வந்தது.

"சாவி எதுவும் இல்லைங்கறான்க்கா. மிச்சம் பூஜ்யம்."

இருந்தது ஒரே சாவி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும்போது பிளாப்பியில் இருக்காது. திருப்பி எடுத்துக்கொண்டால்தான் பிளாப்பிக்கு வரும். திருப்பி எடுக்க வேண்டிய நேரத்தில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடியிருந்தான். இன்னும் பெரிய ஆட்களுக்கெல்லாம் எழுதிப் பார்க்கிறேன், வெளிநாட்டுக்குக்கூட எழுதுகிறேன் என்று அவன் உளறினான்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றாள் அவள். "இந்தப் பழமொழியை நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்." யாரும் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தாமல், "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அதற்கப்புறம் அவள் அதைப்பற்றிப் பேசியதே இல்லை. ஒரு நாள் உட்கார வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டியிருந்தால் அவன் தேறியிருப்பான்.

மறுவாரம் அவளைத் துணி அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான், மரியாதைக்கும் குறைவில்லை என்று நிர்வாகி அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அடித்தளத்தில், சலவைக்குப் பக்கத்து அறை. வெந்நீர்க் குழாயின் சத்தம் நாள் முழுக்க இருக்கும். சூடாக வருகிற விரிப்புகளை நாலாக மடித்துப் பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். விரல்தானே, அவளுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. அங்கே அவளை யாரும் எதையும் கேட்பதில்லை. வந்தவர்கள் கட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். சில நாள் அவள்தான், மணி என்ன ஆச்சு, யாரு போறது என்று கேட்பாள். மெஷின் சத்தத்தில் பாதிப் பேருக்கு அதுவும் காதில் விழாது.

துடைப்பம் மாறிப்போனான். ஒரு சின்ன ஃபோல்டரை எடுக்கக்கூட, அந்த நாற்காலிக்காரரை மூன்று தடவை கேட்டு, எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தான். அண்ணனுக்கு வயசாயிடுச்சு என்றார்கள். பெட்டியில் வருகிற ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தான். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை, முன்பிருந்த பெருமையும் திரும்பவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

மூன்று மாதம் கழித்து, அவள் மேஜையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவன் நேராக அடித்தளத்துக்குப் போனான். அக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பை முடித்துக் கட்டோடு சேர்க்கும்வரை நின்றான். பிறகு விஷயத்தைச் சொன்னான்.

"எடுக்கட்டுமாக்கா?"

"இப்பக் கேட்டு என்னடா?" என்றாள். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு அவனோடு வந்தாள்.

அவன் வேலை செய்கிற அறையில் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. போட்டான். ஏழு நிமிஷம் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கொழுந்தன் எழுந்ததும் அவள் ஹெட்போனை மாட்டி, மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தக் கடைசி நாளின் பட்டியலை மேலிருந்து கீழே கேட்டாள். யாரும் போன் செய்யவில்லை. ஆனாலும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பெயரும் நேரமும் டாக்டரும் என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பார்த்து நின்றான். இருபதாவது நிமிஷம் அவள் உதடும் நின்றது.

ஹெட்போனைக் கழற்றி, வயரைக் கையில் சுற்றி மேஜைமேல் வைத்தாள். கைப்பைக்குள் இருந்து அந்த பிளாப்பியை எடுத்து நீட்டினாள்.

"இந்தத் தடவை அது கேக்கறதைக் குடுத்துட்டு எடு."

கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பி, 'எடு' என்று அமுக்கினான். பெட்டி வந்தது. இரண்டு வரியையும் படித்தான். இரண்டாவது வரி இப்படி இருந்தது: எடுப்பதற்கு முன் உங்கள் சாவி பிளாப்பிக்குத் திருப்பி அனுப்பப்படும். பிளாஸ்திரி மூலை மேலே இருக்கும்படி செருகினான். கர்ர் என்றது. கொடுக்க அதனிடம் சாவி இல்லை, ஆனாலும் பிளாப்பியைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை, சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஃபோல்டர் போயிற்று, ரெஜிஸ்ட்ரியில் இருந்த வரிகள் தாமாகவே ஒவ்வொன்றாகப் போயின, முடிந்தது என்று எழுதிக் காட்டியது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"முடிஞ்சிடுச்சுக்கா."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

அவன் பிளாப்பியை வெளியே எடுத்து நீட்டினான். அவள் அதை வாங்கித் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு கட்டு மடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி எழுந்தாள்.